பத்து நொடி காட்டிய படங்கள்

நான் என்ன படிக்கிறேன் என்று ஊரில் யாராவது கேட்டால் அம்மா முந்திக்கொள்வாள். "மூளை டாக்டருக்குப் படிக்கா." நான் அதைத் திருத்தியதில்லை. திருத்தினால் அடுத்த கேள்வி வரும். அதற்கு என்னிடமே பதில் இருக்காது.

படிப்பின் பெயர் காக்னிட்டிவ் சயின்ஸ். மனிதர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், எப்படி நினைவில் வைக்கிறார்கள், எங்கே தவறாக முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்வது. கொஞ்சம் உளவியல், கொஞ்சம் கணினி, கொஞ்சம் மொழியியல், கொஞ்சம் தத்துவம், மூளை நரம்புகள் பற்றி ஒரு பருவம். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம். கணினித் துறையில் எங்களை உளவியல்காரர்கள் என்பார்கள். உளவியல் துறையில் கணினிக்காரர்கள் என்பார்கள். கல்யாண வீட்டில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்றும் நினைத்துப் பந்திக்குக் கூப்பிடாமல் விட்ட விருந்தாளியின் நிலைமைதான்.

மாமா இதை வேறு மாதிரி சொல்வார். "பல மரம் பாத்த தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான், மருமவளே." மாமா என்றால் அம்மாவுக்குச் சித்தப்பா மகன். அப்பாவின் வள்ளத்தில் எட்டு வருடமாகக் கூட வருகிறவர். இரண்டே பேர் போகிற ஃபைபர் வள்ளம், தூண்டில் போட்டு மீன் பிடிக்கிற தொழில். அவர் அப்படிச் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். என் கோபம் மூக்கு நுனியில் இருப்பது. ஒருநாள் இவர்களுக்குக் காட்டுகிறேன் பார் என்று நினைத்துக்கொள்வேன். காட்டியும் விட்டேன்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் கடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முத்துக்குப் பேர்போன கடல் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். நான் பிறந்ததிலிருந்து ஒருவரும் முத்தெடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் முத்துச்சிப்பி ஒட்டிக் கிடந்த பாறைத்திட்டுகள் கடலுக்கடியில் அப்படியே இருக்கின்றன. பார் என்று சொல்வோம். பாரில்தான் விளமீனும் கலவாயும் நிற்கும். கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டாலும் அடியில் வெறும் மணல். பாரைக் கண்டுபிடிக்கக் கரையைப் பார்க்க வேண்டும். கோயில் கோபுரமும் அதன் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியும் ஒன்றை ஒன்று மறைக்க வேண்டும். அதே நேரத்தில் தெற்கே அனல்மின் நிலையத்தின் ஒரு புகைபோக்கி இன்னொரு புகைபோக்கிக்குப் பின்னால் போக வேண்டும். இரண்டும் பொருந்தும் இடத்தில் கீழே பார். இங்கே நான் சொல்லியிருக்கும் அடையாளங்கள் மாற்றிச் சொன்னவை. அதையாவது இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன்.

எல்லாருக்கும் தெரிந்த பார்கள் நிறைய உண்டு. ஒரு குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த சின்னத் திட்டுகளும் உண்டு. அப்பாவுக்கு அப்படி மூன்று இருந்தன. மூத்தவ, நடுவுலவ, கடைக்குட்டி என்று அவற்றுக்குப் பெயர். நான் ஒரே பிள்ளை என்பதால் வந்த பெயர்களோ என்னவோ. மத்தியானம் கடலிலிருந்து வந்து சாப்பிட உட்காரும்போது, "இன்னைக்கு நடுவுலவ ஏமாத்திட்டா, மூத்தவதான் சோறு போட்டா" என்று மாமாவும் அவரும் பேசிக்கொள்வார்கள். எனக்கு மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே பேசுவார்கள். வெளி ஆள் யாராவது வாசலில் வந்தால் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும்.

வள்ளத்தில் ஜிபிஎஸ் உண்டு. எல்லாரிடமும் உண்டு. ஆனால் அந்த மூன்று இடங்களை மட்டும் அப்பா அதில் ஏற்றவில்லை. இறுதியாண்டு ஆய்வுக்காக நான் எடுத்த முதல் குறிப்பில் இதைப் பற்றி "கருவிகள் மீது அவநம்பிக்கை" என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. கருவி தொலைந்தால் இடமும் தொலையும், கருவி திருடு போனால் இடமும் திருடு போகும் என்று சாதாரண புத்தி உள்ள யாருக்கும் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை, ஏனென்றால் எனக்குக் கோட்பாடுகள் தெரிந்திருந்தன.

ஆய்வு இதுதான். ஒரு தொழிலில் தேர்ந்தவர்கள் தங்களுக்குப் பழகிய விஷயத்தை ஒருமுறை பார்த்தாலே நினைவில் வைத்துவிடுவார்கள். அதே விஷயத்தைக் கலைத்துப் போட்டுக் காட்டினால் அவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் இருக்காது. இது வேறு வேறு தொழில்களில் பார்க்கப்பட்ட உண்மை. கடலோடிகளிடம் பார்த்தால் என்ன என்று கேட்டேன். என் பேராசிரியை வீடியோ அழைப்பில் நாற்காலியிலிருந்து முன்னால் வந்துவிட்டார். உண்மையான படங்களாக இருக்க வேண்டும், உண்மையிலேயே ஒரு இடத்தைக் குறிக்கிற அடையாளங்களாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஆய்வுக்கு வலு என்றார். என் வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் விடுதி மாணவர்களுக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு கடல் இருந்தது. தலைகால் புரியாத பெருமையோடு ஊருக்கு வந்தேன்.

பார்களுக்குக் கூட்டிப்போக வேண்டும், அங்கிருந்து கரையைப் படம் எடுக்க வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். "படம் உன் படிப்புக்குத்தான?" என்றார்.

"ஆமாப்பா."

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி வைத்திருந்தேன். அவருக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் பெயர் எங்கும் வராது, நீங்கள் வெறும் எண் ஒன்று என்றேன். "பேரு வந்தா என்ன? நல்லாப் போடு. எம் மவ எம்பேரப் போட்டு எழுதுனா எனக்கு என்ன கேடு?" என்றார். போடக் கூடாதுப்பா, அதுதான் நெறிமுறை என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். படங்களை யாருக்குக் காட்டுவேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு கிளம்பினோம். ஞாயிறு எங்கள் ஊரில் ஒருவரும் தொழிலுக்குப் போக மாட்டார்கள். அப்பாவுக்கு அன்று ஓய்வு என்பதால் கூட்டிப்போகிறார் என்று நினைத்தேன். கடலில் ஒரு வள்ளம் இல்லை. எந்த இடத்தில் நாங்கள் நிற்கிறோம் என்று பார்க்க ஒரு கண் இல்லை. அவர் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான் என்பது பல நாள் கழித்தே எனக்கு உறைத்தது. மாமா எஞ்சினைப் பிடித்துக்கொண்டார். நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். மூன்று பார்களிலும் வள்ளத்தை நிறுத்தி, மேற்கே ஒன்று தெற்கே ஒன்று என்று இடத்துக்கு இரண்டு படம் எடுத்துக்கொண்டேன். அப்பா என் தோளைப் பிடித்துத் திருப்பி, "இப்ப இல்ல, இன்னும் கொஞ்சம், ம், இப்ப எடு" என்று சொல்லிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கணினியில் கோபுரத்தை அங்கும் புகைபோக்கியை இங்கும் வெட்டி ஒட்டி மூன்று பொய் ஜோடிகள் செய்தேன். அடுத்த வாரம் கோயிலை ஒட்டிய கூடத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஃபிளாஸ்க் டீ. எங்கள் கரையில் தொழில் செய்கிற பத்துப் பேரை ஒவ்வொருவராக வரச் சொன்னேன். படத்தைப் பத்து நொடி காட்டுவேன். பிறகு கவிழ்த்து வைத்துவிட்டு வெறும் கரைக்கோடு போட்ட தாளைக் கொடுப்பேன். எது எதற்கு நேரே இருந்தது என்று வரைய வேண்டும்.

அப்பாவின் மூன்று பார்களை அப்பாவோடு தொழில் செய்கிற பத்துப் பேருக்கு நான் டீ கொடுத்துக் காட்டினேன். இதை இப்படி ஒரே வரியில் எழுத எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது. அப்போது அது அப்பாவின் பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது என் ஆய்வுக்கான படம். சத்தியமாக அவ்வளவுதான் தோன்றியது.

நாலாவதாக வந்தவர் சொந்த வள்ளம் வைத்திருப்பவர். மூத்தவளின் படத்தைப் பார்த்ததும் அவர் டீயை மேசையில் வைத்துவிட்டார். பத்து நொடி முடிந்து படத்தைக் கவிழ்த்தேன்.

"இன்னொரு தடவ காட்டுதியாம்மா?"

"ஒரு தடவதான் காட்டணும் அண்ணாச்சி. எல்லாருக்கும் ஒரே விதி."

"சரி, போதும்" என்றார். விதியை மீறாமல் இருந்துவிட்டேன் என்று அன்று மாலை பேராசிரியைக்கு எழுதிய மின்னஞ்சலில் பெருமையாகக் குறிப்பிட்டேன்.

ஏழாவது ஆள் வயதானவர். முதல் படத்தை ஒரு பார்வை பார்த்தார். நான் நொடி எண்ணி முடிப்பதற்குள் அவரே அதை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டார். "எனக்குக் கண்ணு சரியில்ல. என்னய விட்டுரு தாயி" என்று எழுந்து போனார். டீ கூடக் குடிக்கவில்லை. "பார்வைக் குறைபாடு, கணக்கில் சேர்க்கவில்லை" என்று எழுதிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து அவர் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்து வலையைத் தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு எதுவும் புரியவில்லை. மூளையைப் பற்றிப் படிக்கிறவளுக்கு மூளை இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஆய்வு நான் எதிர்பார்த்ததற்கும் மேலாக வந்தது. பொய்ப் படங்களை அவர்கள் கடலே தெரியாதவர்களைப் போலத் தப்பும் தவறுமாக வரைந்தார்கள். உண்மைப் படங்களை வரையும்போது கை தயங்கவே இல்லை. ஒன்பது பேரின் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோபுரமும் தொட்டியும் ஒரே கோட்டில் விழுந்தன. மகிழ்ச்சியில் அம்மாவைக் கட்டிப்பிடித்தேன்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு மத்தியானம் அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். ஐஸ் பெட்டியில் ஐஸ் மட்டும் இருந்தது. சாப்பிட உட்காரவில்லை. மூத்தவளின் மேல் இரண்டு வள்ளம் நங்கூரம் போட்டு நிற்கிறது, கடைக்குட்டிமேல் ஒன்று நிற்கிறது என்று அம்மாவிடம் சொன்னார். "எங்க அப்பா எனக்குச் சொல்லிட்டுப் போனது. எனக்கும் அவனுக்கும் தவிர ஒரு குஞ்சுக்குத் தெரியாது. வேலியே பயிர மேஞ்சிட்டு."

அவன் என்றால் மாமா. நானும் அந்த வள்ளத்தில் போனவள்தான். அப்பாவின் கணக்கில் நான் வரவே இல்லை. கடலைப் பற்றி எனக்கு என்ன தெரியும், வாந்தி எடுத்தவள்.

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. நாலாவது ஆள் டீயை மேசையில் வைத்தது, ஏழாவது ஆள் படத்தைக் கவிழ்த்தது, ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் சேர்ந்து விளங்கியது. வாயைத் திறந்திருக்க வேண்டும். திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். அறிக்கை கொடுக்க ஒன்பது நாள் இருந்தது. உண்மையைச் சொன்னால் அப்பா அந்தப் படங்களைப் பயன்படுத்தக் கூடாது என்பார். ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்று படிவத்தில் நானே எழுதியிருந்தேன். நான் பயந்தது அவர் கோபத்துக்கு இல்லை, அந்த வரிக்கு.

அன்று சாயந்தரமே அப்பா மாமாவிடம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாமா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். அதையே அப்பா சாட்சியாக எடுத்துக்கொண்டார். "குத்தம் உள்ளவன் பேசுவானா?" என்றார். நான் அறைக்குள் அறிக்கையின் இரண்டாம் பகுதியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் மாமா வீட்டுக்கு வந்தார். அப்பா கடலில், அம்மா கடைக்குப் போயிருந்தாள். எஞ்சின் பெட்டியின் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. அதைக் கொடுக்க வந்தவர் உள்ளே வரவில்லை.

"கோயில் கூடத்துல நீ என்ன படம் காட்டினேன்னு எனக்குத் தெரியும்" என்றார். "மறுநாளே ஏலக்கூடத்துல பேசிக்கிட்டானுவ."

"அப்பாட்ட ஏன் மாமா சொல்லல?"

"என்னயன்னா நாலு நாள் ஏசுவாவ, அஞ்சாம் நாள் விட்டுருவாவ. உன்னயச் சொன்னா அத்தான் தாங்க மாட்டாவ." சாவியைச் சன்னல் கட்டையில் வைத்தார். பிறகு குரல் கொஞ்சம் மாறியது. "அதுக்காவ சும்மா இருந்துராத ஏளா. இப்ப இன்னொருத்தன் வள்ளத்துல கூலிக்குப் போறேன். எனக்கும் பொண்டாட்டி பிள்ளைக இருக்கு. கரையில என்னயப் பாத்துச் சிரிக்கானுவ. உன் படிப்பு முடிய எத்தன நாளு?"

"நாலு நாள்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் உடனே சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார். நான் நாள் கணக்குச் சொன்னேன். "சரி. நாலு நாள்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த நாலு நாளையும் நான் எடுத்துக்கொண்டேன். படங்களைக் காட்டியது அறியாமை என்று யாராவது மன்னிக்கலாம். இந்த நாலு நாள் அறியாமை இல்லை. இரவும் பகலும் தெரிந்தே செய்தது. அறிக்கையில் "பங்கேற்பாளர்களின் அடையாளம் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதினேன். அது உண்மையும்கூட. பெயர்கள் பத்திரமாக இருந்தன. அப்பா மறைக்காத ஒன்றை மறைத்துவிட்டு, அவர் மறைத்த ஒன்றே ஒன்றை மேசையில் பரப்பிவிட்டேன்.

அறிக்கையை அனுப்பிய மறுநாள் மத்தியானம் சொன்னேன். அப்பா தரையில் உட்கார்ந்து நைலான் நரம்பில் தூண்டில் முள் கட்டிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து, அழாமல், ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவர் கை நின்றது.

"எத்தன பேருக்குக் காட்டின?"

"பத்துப் பேரு."

"மூணையுமா?"

"மூணையும்."

ஒரு முள்ளைக் கட்டி முடித்தார். பல்லால் நரம்பைக் கடித்துத் துண்டித்தார். பிறகு கேட்டார், அடிபட்டவர் பிழைப்பாரா என்று டாக்டரிடம் கேட்கிற மாதிரி. "ஒருக்காத்தான பாத்தானுவ? நாளாக நாளாக மறந்துருவானுவளா?"

"மறக்க மாட்டாங்கப்பா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அதத்தான் பரீட்சை வச்சுப் பாத்தேன்."

அப்பா தலையை ஆட்டினார். படிப்புச் சம்பந்தமாக நான் ஏதோ சொல்லி அவருக்கு முழுவதுமாகப் புரிந்தது அதுதான் முதல் தடவை. படங்களை நான் கணினியிலிருந்து அழித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

அவர் ஏசவில்லை. அடித்திருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும் என்று இதுபோன்ற இடங்களில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எழுந்து சட்டையை மாட்டினார். பித்தானைத் தப்புத் தப்பாகப் போட்டார். "அவன் வாசல்ல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?" என்றார். நானும் வரவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வெயிலில் நடந்து போனார். என் வெட்கத்தை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு வீட்டு வாசலில் அவர் நின்றார். அங்கே என்ன பேசினார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. மறு வாரம் மாமா வள்ளத்துக்குத் திரும்பினார்.

என் ஆய்வு துறையில் முதலாவதாக வந்தது. பேராசிரியை அதைக் கருத்தரங்குக்கு அனுப்பலாம் என்றார். நடந்ததை அவருக்கு எழுதினேன். வெகு நேரம் கழித்து, நானும் கேட்டிருக்க வேண்டும், எனக்கும் தோன்றவில்லை என்று பதில் வந்தது. கருத்தரங்குக்கு அனுப்பவில்லை. அதை ஒரு தியாகம் போல அப்பாவிடம் சொன்னேன். "அனுப்பேன். இனி என்ன இருக்கு?" என்றார்.

படிப்பு முடிந்து இப்போது வேலையில் இருக்கிறேன். போன மாதம் விடுமுறைக்கு வந்திருந்தேன். மத்தியானம் அப்பாவும் மாமாவும் கடலிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். அன்று நல்ல பாடு. பெட்டி நிறைய விளமீன். எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. அப்பா ஒரு நல்ல துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தார். வேலை எப்படி, சாப்பாடு எப்படி என்று பிரியமாகத்தான் விசாரித்தார். மாமா பழையபடி தச்சனையும் மரத்தையும் சொல்லிக் கேலி செய்தார். இருவர் முகத்திலும் ஏதோ ஒரு செய்தி இருந்தது. கிரிக்கெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

உப்பு எடுத்துவருகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போனேன். நான் உள்ளே நுழைந்ததும் அப்பாவின் குரல் தாழ்ந்தது. "அங்கன இன்னும் கொஞ்சம் வடக்க பாத்தா..." என்று ஆரம்பித்தார். மாமா ஏதோ கேட்டார். நீளமான பேச்சு, சந்தோஷமான பேச்சு. அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.